இருபத்து நான்காவது படம்

பிப்ரவரி 4

வாண்டு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ மண்டையைப் போட்டுவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் போடவில்லை. எட்டாம் வகுப்போடு மூடிவைத்த பேனாவை உன் அப்பா மறுபடி திறந்திருக்கிறேன், அவ்வளவுதான். மை காய்ந்து போயிருந்தது. மூளையும்.

போன் செய்யலாமே என்பாய். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் ‘சாப்பிட்டியா’வுக்கும் சண்டைக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இடைவெளி இருப்பதில்லை. கடிதம் என்றால் நீ என்னதான் கத்தினாலும் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேண்டாம் என்று அலமாரியில் போட்டுவிட்டுப் போன உன் பழைய கேமராவை எடுத்துவிட்டேன். அந்த லென்ஸும் அதிலேயே மாட்டியிருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் நீ வைத்த கறுப்பு வெள்ளை ஃபிலிமும் அப்படியே இருந்தது. ஒன்றை மாட்டிக்கொண்டு வொர்க்ஷாப்புக்குப் போனேன். ஹெட்லைட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து ‘கண் டாக்டர்’ என்று பட்டம் வாங்கியவன் கழுத்தில் கேமராவோடு வந்து நின்றால் சும்மா விடுவார்களா? “டாக்டர், எக்ஸ்ரே எடுக்க ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றான் பெயிண்டர்.

நாற்பத்தெட்டு படம் எடுத்தேன். ஃபிலிம் தீரவே இல்லை. இவ்வளவு நீளமான ஃபிலிமா என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. திறந்து பார்த்தால் ஃபிலிம் பல்சக்கரத்தில் மாட்டாமல் ஓரமாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஆக, என் முதல் நாற்பத்தெட்டு படங்களும் நான் கண்ணால் பார்த்ததோடு சரி. இரண்டாவது ரோல் ஒழுங்காக ஓடியது. இத்துடன் அனுப்புகிறேன். இங்கே கறுப்பு வெள்ளை கழுவ யாரும் இல்லை. நீதான் மியூசியத்தில் நாள் முழுக்க இருட்டறையில் இருக்கிறாயே, ஊரார் நெகட்டிவோடு உன் அப்பன் நெகட்டிவையும் கழுவிப் பார்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. லென்ஸை அவள் தேய்த்துக் கெடுத்துவிட்டாள் என்ற கோபம். அதைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். அதற்குள் தாள் தீர்ந்துவிட்டது. பின்பக்கமும்.

அப்பா


பிப்ரவரி 16

அப்பா,

ரோல் வந்தது. கழுவினேன். முப்பத்தாறில் பதினெட்டு தேறும். முதல் முறைக்கு அது அதிகம். மீதி எல்லாம் ஒரே சாம்பல்.

அது உங்கள் தப்பு மட்டும் இல்லை. அந்த லென்ஸுக்குக் கண்ணாடி மேல் பூசும் கோட்டிங் கிடையாது. கோட்டிங் கண்டுபிடிப்பதற்கு முந்தைய காலத்து லென்ஸ். இந்தக் காலத்துக் கண்ணாடி வெளிச்சத்தை நேரே உள்ளே விட்டுவிடும். இதில் நுழைகிற வெளிச்சம் ஒவ்வொரு கண்ணாடியிலும் இடித்துத் திரும்பி, வழி தெரியாமல் அலைந்து, கடைசியில் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்:

வெளிச்சம் எப்போதும் உங்கள் முதுகுப்பக்கமோ தோள்பக்கமோ இருக்கவேண்டும். ஜன்னலை, விளக்கை, வெயிலில் மின்னும் எதையும் நேராகப் பார்த்து எடுக்கக்கூடாது. எடுத்தால் ஆள் புகையாகிவிடுவார். லென்ஸுக்கு முன்னால் குழாய் மாதிரி ஒரு மறைப்பு மாட்டுங்கள். கறுப்புத் தாளே போதும்.

முன்னால் அது இவ்வளவு மோசமாக இருக்காது. மேலே நீலமாக ஒரு படலம் இருந்ததே, அது அழுக்கு இல்லை. எண்பது வருஷம் காற்று பட்டுத் தானாகப் படிந்தது. மற்றவர்கள் பின்னால் தொழிற்சாலையில் பூசியதை அந்தக் கண்ணாடி தானே பூசிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜன்னல், ஒரே லென்ஸ், பன்னிரண்டு முகம் என்று நான் ஆரம்பித்தது ஒன்பதோடு நின்றதும், கண்காட்சியிலிருந்து என் பெயர் போனதும் அதனால்தான். பத்தாவது முகம் வேறு யாரோ எடுத்த மாதிரி வந்தது. வீட்டில் கதவுக் கைப்பிடியைக்கூட விடாமல் துடைக்கிற அம்மாவுக்கு அது கறையாகத்தான் தெரிந்திருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். “நான் தொடவே இல்லடி” என்று என் முகத்துக்கு நேரே பொய் சொன்னாள் பாருங்கள், அதுதான்.

அவளுடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக அவளிடம் சொல்லவும் வேண்டாம்.

அடுத்த ரோலில் இடம் மீதி இருந்தால் அவளை ஒன்று எடுத்து அனுப்புங்கள்.

மகள்


மார்ச் 2

வாண்டு,

கறுப்புத் தாள் எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. நான் ரேடியேட்டர் ஹோஸில் இரண்டு அங்குலம் வெட்டி லென்ஸில் மாட்டிவிட்டேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. என்ன, கேமராவைக் கண்ணருகே கொண்டு போனால் சூடான வண்டி வாசனை அடிக்கிறது. பார்க்கிறவர்கள் இது என்ன மாடல் என்று கேட்கிறார்கள். லாரி மாடல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ சொன்ன விதியை வொர்க்ஷாப் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்: ‘வெளிச்சம் முதுகில்’. முதலாளி வந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, முதுகு வலியா?” என்றார். ஆனால் வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன். முன்பெல்லாம் ஒரு ஆளைப் பார்த்தால் ஆளைத்தான் பார்ப்பேன். இப்போது முதலில் அவர் முகத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்க்கிறேன். பேசுகிறவரைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் நான் அவர் பாக்கெட்டைப் பார்க்கிறேன் என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெயிண்டரை எடுத்திருக்கிறேன். வாய் மூடியைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். “அசையாதே” என்றேன். “மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் தனி பட்டன் இருக்கா?” என்றான்.

அம்மாவையும் எடுத்தேன். சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் பரவாயில்லை. நீ கேட்டதாகச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் எழுதவேண்டும். அடுத்த முறை நிதானமாக எழுதுகிறேன்.

அப்பா


மார்ச் 15

அப்பா,

இருபத்தொன்பது படம் தேறிவிட்டது! ரேடியேட்டர் ஹோஸைப் பற்றி இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் மேலதிகாரி, கண்ணாடியைக் கழற்றாமல் சிரிக்கவே மாட்டார், அவர் கழற்றினார்.

பெயிண்டர் படம் இத்துடன். பெரிதாகப் போட்டிருக்கிறேன். அவர் கன்னத்தில் வாய் மூடி அழுத்திய கோடு இருக்கிறதே, அதற்குக் கீழே சுத்தமான தோல், மேலே வண்ணத்தூள். பின்னால் பறந்துகொண்டிருக்கும் தூள் பனி மாதிரி மின்னுகிறது. புது லென்ஸில் எடுத்திருந்தால் அது வெறும் தூசியாகத்தான் தெரிந்திருக்கும். இந்தப் படத்தை நான் எடுத்திருக்கக்கூடாதா என்று ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது. பொறாமைப்பட்டேன் என்று பெயிண்டரிடம் சொல்லாதீர்கள், அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.

அம்மா படம்தான் வரவில்லை. சால்வை தெரிகிறது. டம்ளர் தெரிகிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். பெயிண்டருக்கு வெளிச்சத்தைத் தோளில் வைக்கத் தெரிந்தவருக்கு, முதலாளிக்குத் தெரிந்தவருக்கு, வாசலில் தூங்கும் நாய்க்குக்கூடத் தெரிந்தவருக்கு, அம்மாவை மட்டும் எதற்கு ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைக்கவேண்டும்? அவளை எழுப்பி எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள். தலைவலி, கால்வலி என்று ஏதாவது சொல்வாள். விடாதீர்கள்.

ஆனாலும் அந்தப் படத்தை ஒட்டிவைத்திருக்கிறேன், படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்கு மேலே. காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். திட்டுவதற்குத்தான். நேற்று மட்டும் திட்ட மறந்துவிட்டேன்.

வாண்டு


மார்ச் 29

வாண்டு,

உன் அம்மாவை எதிர்ப்பக்கம் உட்கார வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. “என் மூஞ்சிய என்னத்துக்கு எடுக்கறீங்க, வேற வேலை இல்லையா?” என்றாள். “உன் மகள் கேட்டிருக்கிறாள்” என்றேன். “அவளுக்குத்தான் என் மூஞ்சியே பிடிக்காதே” என்றாள். “ஜன்னலோரம்தான் எனக்குக் காத்து வருது” என்றாள். பிறகு அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாக எழுந்து போய்விட்டாள். உனக்கே தெரியும், ஒரு முடிவு எடுத்துவிட்டால் அவளை நகர்த்த ஜாக்கி வைக்கவேண்டும்.

அதனால் அதே இடத்தில்தான் எடுத்திருக்கிறேன். ஆனால் ஒன்றுக்கு ஆறாக எடுத்திருக்கிறேன். ஆறில் ஒன்றாவது உனக்குப் பிடிக்கும். எனக்கு ஒரு கஷ்டம் பாரேன்: எடுத்தது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. டப்பாவை மூடி ஒட்டி அனுப்புகிறேன், நீதான் முதலில் பார்க்கிறாய். தேர்வு எழுதிவிட்டு விடைத்தாளைப் பார்க்காமலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. எட்டாம் வகுப்பு ஞாபகம் வருகிறது. அந்த முடிவு உனக்குத் தெரியும்.

அந்தப் படத்தை ஒட்டிவைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நான்கைந்து முறை படித்தேன். எடுத்துவிடு வாண்டு. நல்ல படமாக வந்த பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

அப்பா


ஏப்ரல் 9

அப்பா,

இருபத்து நான்காவது படத்தில் அம்மாவுக்கு மீசை இருக்கிறது.

வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இருபத்தொன்று: காலி நாற்காலி, பின்னால் ஜன்னல். இருபத்திரண்டு: வொர்க்ஷாப் கால்சட்டை போட்ட ஒரு ஆள், தோளில் அம்மாவின் சால்வை தரையில் இழுபட, நாற்காலியை நோக்கி ஓடுகிறார். கேமரா தானாக எடுப்பதற்குப் பத்து விநாடிதான் இருக்கிறது, நீங்கள் எட்டில் தடுக்கியிருக்கிறீர்கள். இருபத்து மூன்று: சால்வை தலையைச் சுற்றி, டம்ளர் கையில், முகம் புகை. நான் ஒட்டிவைத்திருப்பதேதான் அச்சு அசலாக. இருபத்து நான்கு: அப்போது வெயிலை மேகம் மறைத்திருக்கவேண்டும். ஜன்னல் மங்கிவிட்டது. ஜன்னல் மங்கியதும் லென்ஸ் ஒழுங்காகிவிட்டது. மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. உதட்டைக் குவித்துக்கொண்டு அம்மா டீ ஊதிக் குடிப்பது மாதிரியே ஊதுகிறீர்கள். டம்ளரில் ஒன்றும் இல்லை.

இருட்டறையில் தனியாக இருந்தேன். டிரேயில் மீசை மெதுவாக மேலே வந்தபோது சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்து அறையிலிருந்து வந்து கதவைத் தட்டினார்கள். “ஒண்ணுமில்ல, எங்கப்பா” என்றேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் போன ரோலில் இருந்ததும் நீங்கள்தான். மூன்று வாரமாக நான் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தது உங்களைத்தான். திட்டியதும், திட்ட மறந்ததும்.

“என் மூஞ்சிய என்னத்துக்கு எடுக்கறீங்க” என்று சொன்னது யார்?

அம்மா எங்கே? உடம்புக்கு ஏதாவதா? வேடிக்கையாக ஒரு வரிகூட எழுதாதீர்கள். எங்கே என்று மட்டும் எழுதுங்கள்.

வாண்டு


ஏப்ரல் 13

வாண்டு,

அம்மா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். போய் ஐந்து மாதம் ஆகிறது.

அவள் சொன்னதாக நான் எழுதியதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. ஆனால் எழுதும்போது அவள் குரல் காதில் கேட்டது. கேட்டதைத்தான் எழுதினேன். இருபத்தெட்டு வருஷம் கேட்ட குரல், ஆள் இல்லாமலும் பேசுகிறது.

இனி நான் எழுதவேண்டியதை எழுதுகிறேன். லென்ஸைத் தேய்த்தவன் நான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நீ வெளியே போயிருந்தாய். கேமரா மேஜை மேல் இருந்தது. கண்ணாடியில் நீலமும் ஊதாவுமாக, பெட்ரோல் சிந்திய தண்ணீர் மாதிரி ஒரு படலம். பழைய ஹெட்லைட்டில் பூத்திருக்குமே, அது மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. என் மகள் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா படம் எடுக்கிறாள், இவளுக்கு அப்பன் எதற்கு இருக்கிறேன் என்று நினைத்தேன். வொர்க்ஷாப்பிலிருந்து இருப்பதிலேயே மிருதுவான பாலிஷ் காம்பவுண்ட் கொண்டுவந்து, பின்படியில் உட்கார்ந்து, கம்பளித் துணியில் ஒரு மணி நேரம் தேய்த்தேன். எவ்வளவு பதமாகத் தேய்த்தேன் தெரியுமா? எந்த வண்டிக்கும் அப்படிச் செய்ததில்லை. படலம் போய், கண்ணாடி தண்ணீர் மாதிரி ஆனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாரு, எப்படி மின்னுது!” அவள் ஒன்றுதான் கேட்டாள்: “அவகிட்ட கேட்டீங்களா?” நான் சொன்னேன், “கேட்டுட்டு செஞ்சா அதுல என்ன ஆச்சரியம் இருக்கு?”

உனக்கு ஆச்சரியம் வந்த நாள் உனக்கே தெரியும். நாம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ பத்தாவது முகத்தின் படத்தைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாய். அம்மாவைப் பார்த்துக் கத்தினாய், “இந்த வீட்ல நீ தொடாத பொருளே இல்லையா?” அவள், “நான் தொடவே இல்லடி” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, பாதிச் சோற்றோடு இருந்த தட்டைக் கழுவ ஆரம்பித்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். எல்லாம் கேட்டது. நீ பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கியதும் கேட்டது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது வாரமானது. அம்மா மூன்று மாதம் பொறுத்தாள். அவளே உன்னிடம் சொல்லியிருக்கலாம். “நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னாதான் அது உண்மை” என்றாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் “எழுதினீங்களா?” என்று கேட்பாள். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாள் பையை எடுத்துக்கொண்டாள். “அவளுக்கு எழுதிட்டு வாங்க, நான் வரேன்” என்றாள்.

அதனால்தான் பிப்ரவரியில் பேனாவை எடுத்தேன். இதை எழுதத்தான். ஹோஸைப் பற்றி எழுதினேன், பெயிண்டரைப் பற்றி எழுதினேன். நீ அவளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோது, அவள் இல்லை என்று எழுதினால் ஏன் இல்லை என்று எழுதவேண்டும். நீ கொடுத்த விதியைத் திருப்பிப் போட்டால் முகம் மறைந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. உன் பாடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

சால்வையைத் தலையில் போட்டதும் அவள் எண்ணெய் வாசனை வந்தது. முதல் நாள் ஒரு படம்தான் எடுத்தேன். மறுபடி போட்டுக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதனால்தான் இரண்டாவது முறை ஆறு.

உன் பன்னிரண்டு முகங்களைக் கெடுத்தவன் நான். உன் அம்மா பொய் சொல்லவில்லை.

அப்பா


மே 21

அப்பா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்ததுதான். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் நீங்கள் அழுதிருப்பீர்கள். இன்னொன்றில் நான்.

லென்ஸுக்காக இன்னும் கோபம் இருக்கிறது. அது மெதுவாகத்தான் போகும், அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் என்னைத் தூங்கவிடாதது லென்ஸ் இல்லை. “நான் தொடவே இல்லடி” என்று அவள் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஊசி போடுவதற்கு முன்னால்கூட “வலிக்கும்” என்றுதான் சொல்வாள். அவளை நம்பாமல் ஒன்பது மாதம் இருந்தேன். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனது இருக்கட்டும், நான் ஏன் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை? பத்து முகத்தை மணிக்கணக்கில் பார்த்தவள் நான்.

விடுப்பு எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கிருந்துதான் எழுதுகிறேன். வந்தபோது அம்மா முக்காலி மேல் நின்று ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கவேண்டும். திரும்பவில்லை. “காலைத் துடைச்சிட்டு வா. இப்பதான் தரை துடைச்சேன்” என்றாள். துடைத்தேன். முக்காலியோடு சேர்த்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். “ஏய் விடுடி, முழங்கால் போயிடும்” என்றாள். ஆனால் இறங்கவில்லை, ரொம்ப நேரம்.

உங்கள் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். சிரித்ததற்காகவே கோபப்பட்டாள். “பாத்தியா, தப்ப ஒத்துக்கறப்பவும் என்னைச் சிரிக்க வெச்சுட்டார். இருபத்தெட்டு வருஷமா இப்படித்தான் நழுவறார். கோவப்படறதுக்குக்கூட எனக்கு இடம் விடமாட்டார்” என்றாள். பெரியம்மா குறுக்கே வந்து, “அதான் எழுதிட்டாரே, கிளம்பேன்” என்றாள். “இவளுக்கு எழுதினார். அன்னைக்குத் தட்ட எடுத்துட்டுப் போனது என் முன்னாடி. எனக்கு என்ன சொன்னார்?” என்று கேட்டாள்.

இருபத்து நான்காவது படத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். “சால்வைய இப்படியா போடுவேன், மூட்டை கட்டின மாதிரி?” என்றாள். பிறகு, “இளைச்சுட்டார்” என்றாள். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். சொல்லிவிட்டேன்.

மியூசியத்திலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்திருக்கிறேன். அதுவும் கோட்டிங் இல்லாத கிழ லென்ஸ்தான். அம்மாவை வெளிச்சம் தோளில் விழும்படி உட்கார வைத்து ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். பெரியம்மாவின் குளியலறையை இருட்டாக்கிக் கழுவியும் விட்டேன். அப்பா, ஒன்று மிக நன்றாக வந்திருக்கிறது. நெற்றியில் துணியால் துடைத்த ஈரம்கூடத் தெரிகிறது. கறுப்பு கறுப்பாக இருக்கிறது. உங்களுக்கு அனுப்ப உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து உறையை வாங்கி, படத்தை வெளியே எடுத்துவிட்டாள்.

“அனுப்பாத. பாக்கணும்னா வந்து பாக்கட்டும்” என்றாள்.

நான் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வரை இங்கே இருப்பேன்.

வாண்டு


மே 25

வாண்டு,

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கேமரா கொண்டுவரவில்லை.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து அவளுக்கு என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசப் போனால் என் வாய் என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வரலாம் என்று பார்த்தேன். முதல் முறை நான்கு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, எனக்கே சிரிப்பு வந்தது. உடனே புரிந்துவிட்டது.

பேனாவை எடுத்துச் சிரிப்பு வரும் இடத்தையெல்லாம் அடித்தேன். அடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து விழுந்தது. ‘நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்’ என்பதை அடித்தேன். ‘உனக்குத்தான் என்னைத் தெரியுமே’ என்பதை அடித்தேன். மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. அதில் அடிக்க ஒன்றும் இல்லை.

பெயிண்டரிடம் சொல்லிப் பார்த்தேன், சத்தமாக, அவன் முகத்தைப் பார்த்து. அவன் ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். அவன் வாய் மூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அந்த வரியை உனக்கு இங்கே எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. முதலில் கேட்கவேண்டியவள் அவள்.

மணி அடித்தால் நீ ஓடிவந்து திறந்துவிடாதே, வாண்டு. பெரியம்மாவையும் பிடித்துவை. எவ்வளவு நேரமானாலும் நின்றுகொண்டிருக்கிறேன். அவள் திறக்கட்டும்.

அப்பா